ஒரே ஜனத்துக்கு ஏன் இத்தன பேரு? டொய்ச், ஜெர்மன், அலெமான், நியெம்ட்சி

வைகைக்கரையான்:
மக்களே ஒரு டவுட்டு. ஸ்பானிஷ் கமெண்ட்ரியோட ஒரு பழைய ஃபுட்பால் மேட்ச் பாத்துட்டு இருந்தேன், கமெண்ட்ரில அவன் ஜெர்மனிய 'அலெமானியா'ங்குறான், ஸ்கோர் போர்டுல ஜெர்மனினு இருக்கு, ஜெர்சி பேட்ஜ்ல பாத்தா 'டொய்ச்சர்'னு என்னமோ எழுதிருக்கு. மூணுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. பிரான்ஸ எடுத்துக்கங்க, ஃபிரான்சியா, ஃபிராங்க்ரைஷ்னு எங்க போனாலும் ஒரே குடும்பமா தெரியுது. இவங்களுக்கு மட்டும் ஏன் ஆளாளுக்கு ஒரு பேரு? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெளக்குங்க, விக்கில படிச்சா தல சுத்துது.

மெட்ராஸ் மணி:
பிரான்ஸ் எல்லா எடத்துலயும் ஒன்னு இல்ல ப்ரோ, கிரீஸ்காரன் இன்னும் 'காலியா'ன்னு ரோமன் காலத்து பேர்ல தான் கூப்பிடுறான். மத்தபடி கேள்வி நல்ல கேள்வி. போலந்துல 'நியெம்ட்சி', ஃபின்லாந்துல 'சாக்சா', லாட்வியால 'வாட்சியா'. லிஸ்ட் போய்ட்டே இருக்கும்.

சொல்லேருழவன்:
இதுக்கு கொஞ்சம் நீளமா தான் பதில் சொல்லணும், பொறுமையா படிங்க.

அவங்க தங்களையே எப்படி கூப்பிட்டுக்கறாங்கங்கறதுல இருந்து ஆரம்பிப்போம். டொய்ச். இது எந்த குலத்தோட பேரும் இல்ல, ஊர் பேரு ஆத்து பேரும் இல்ல. பழைய ஜெர்மானிக் மொழிகள்ல ஜனங்கள குறிக்க ஒரு சொல் இருந்துச்சு, கோத்திக்ல 'தியுதா', பழைய இங்கிலீஷ்ல 'தெயோத்', அதோட தூரத்து சொந்தம் தான் லித்துவேனியால இன்னைக்கும் தேசத்துக்கு சொல்ற 'தௌதா', பழைய ஐரிஷ்ல குடிமக்கள சொல்ற 'துவாத்'. இந்த சொல்லுக்கு பின்னாடி இங்கிலீஷ் 'இஷ்' இருக்குல்ல, அது மாதிரி ஒரு ஒட்டு சேத்தா 'ஜனங்களோடது'ன்னு வரும். எத சொன்னாங்க அப்படி? பாஷைய. சர்ச்சுலயும் சாசனத்துலயும் இருந்த லத்தீன் ஒரு பக்கம், வீட்லயும் சந்தையிலயும் ஜனம் பேசுறது இன்னொரு பக்கம், அந்த ரெண்டாவதுக்கு தான் இந்த பேரு.

லத்தீன் எழுத்துல இது 'தியோதிஸ்குஸ்'னு பதிவாயிருக்கு. நமக்கு கெடைக்கற முதல் பதிவு 786. இதுல தான் கூத்தே இருக்கு, அந்த முதல் பதிவு ஜெர்மன் மொழிய பத்தினதே இல்ல! ஓஸ்டியா பிஷப் ஜார்ஜ்னு போப்போட தூதர் ஒருத்தர், இங்கிலாந்துல நடந்த சர்ச் கூட்டத்த பத்தி போப் முதலாம் ஏட்ரியனுக்கு அறிக்கை அனுப்பறாரு, தீர்மானங்கள லத்தீன்லயும் 'தியோதிஸ்கே'லயும் வாசிச்சோம், எல்லாருக்கும் புரியட்டும்னு. அங்க இருந்த ஜனம் பேசினது பழைய இங்கிலீஷ். ஆக டொய்ச்ங்கற சொல்லோட முதல் பதிவு இங்கிலீஷ குறிக்குது.

அடுத்தது 788. பவாரியா கோமகன் மூன்றாம் டாசிலோவ இங்கல்ஹைம்ல விசாரணைக்கு நிறுத்துறாங்க. குத்தம் என்னன்னா பல வருஷம் முன்னாடி, பெப்பின் ராஜா காலத்துல, போர் நடக்கும்போது படைய விட்டுட்டு கெளம்பி போய்ட்டாரு. அந்த குத்தத்துக்கு லத்தீன்ல சரியான சொல் இல்லையோ என்னவோ, எழுதறவர் 'தியோதிஸ்கா பாஷைல ஹாரிஸ்லிஸ்னு சொல்றது'ன்னு அப்படியே போட்டுட்டாரு. நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு எஃப்ஐஆர்ல திட்டின வார்த்தைய அப்படியே எழுதி வைப்பாரே, கிட்டத்தட்ட அது தான். தீர்ப்பு மரண தண்டன, அப்பறம் பெப்பினோட மகன் ராஜா சார்லமேன் மனசு வச்சு மடத்துக்கு அனுப்பிட்டாரு.

813 தூர் நகரத்து சர்ச் கூட்டத்துல, பிரசங்கத்த ஜனங்களுக்கு புரியற மாதிரி நாட்டுப்புற ரோமன் பாஷைலயோ 'தியோதிஸ்கா'லயோ மாத்தி சொல்லுங்கன்னு உத்தரவு போடுறாங்க. 842ல ஸ்ட்ராஸ்பர்க் சத்தியம். சார்லமேன் பேரனுங்கள்ல மூத்தவர் லோத்தார், அந்த அண்ணன எதிர்க்க ரெண்டு தம்பிங்க கூட்டு சேர்றாங்க, கிழக்கு பக்கத்து லூயி, மேற்கு பக்கத்து சார்லஸ். லூயி தம்பி சார்லஸோட சோல்ஜருங்களுக்கு புரியணும்னு ரோமன் பாஷைல சத்தியம் பண்றாரு, சார்லஸ் 'தெயுதிஸ்கா'ல பண்றாரு. நிதார்டுன்னு அவங்க சொந்தக்காரர் தான் ரெண்டையும் எழுதி வச்சவரு, அதனால தான் நமக்கு வார்த்தைக்கு வார்த்த கெடைக்குது.

கவனிச்சீங்களா, இது வரைக்கும் பாஷ மட்டும் தான். ஜனங்க பேரா ஆகல. 1080 வாக்குல கொலோன் பேராயர் அன்னோவ பத்தி எழுதின 'அன்னோலீட்'ங்கற பாட்டுல தான் டொய்ச் பேச்சு, டொய்ச் மனுஷங்க, டொய்ச் நாடுன்னு மூணும் ஒரே எடத்துல வருது. மொதல்ல பாஷ, அதுல இருந்து அத பேசுறவன், அதுல இருந்து அவன் இருக்கற மண்ணு.

வைகைக்கரையான்:
அண்ணே செம. அப்போ 'ஜெர்மன்' எங்க இருந்து வந்துச்சு? அவங்க சொல்லாத பேரு நமக்கு எப்படி வந்துச்சு?

செந்தமிழ்க்கனல்:
எல்லாரும் வெள்ளைக்காரன் எழுதினதயே படிச்சுட்டு பேசுறீங்க. 'டொய்ச்' நம்ம 'தேயம்' தான், தேயம் – தேயத்து – தொய்த்து – டொய்ச். ஜெர்மன்ங்கறது 'செருமன்', செரு என்றால் போர், செருமன்னர். குமரிக்கண்டத்துல இருந்து போனவங்க. இத சொன்னா சிரிப்பீங்க, ஆனா உண்ம அதுதான்.

மெட்ராஸ் மணி:
வந்துட்டாரு 😂

சொல்லேருழவன்:
சிரிக்கல கனல், ஆனா பதில் சொல்லணும். ஒலி மாதிரியே இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சா உலகத்துல எந்த சொல்லயும் எதுல இருந்தும் எடுக்கலாம். இதே வேலைய ஜெர்மன்காரங்களே பண்ணிருக்காங்க, அத கேளுங்க, அது இன்னும் சுவாரசியம். அவங்க பாஷைல 'கேர்'னா ஈட்டி, 'மான்'னா ஆளு, ஆக ஜெர்மன்னா ஈட்டிக்காரன்னு ரொம்ப நாள் பெருமையா சொல்லிட்டு திரிஞ்சாங்க, நீங்க சொன்ன 'செரு'வுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டு பேருக்கும் தாத்தா வீரனா இருக்கணும். ஆனா அந்த ஈட்டி சொல் ஜூலியஸ் சீசர் காலத்துல 'கேர்'னே இருக்கல, 'கைஸ்' மாதிரி ஒரு உருவத்துல இருந்துச்சு, 'ர'வா மாறினது பின்னாடி. சீசர் கேட்ட பேர்ல 'ர' இருக்கு. அதோட கத முடிஞ்சுது. ஒரு சொல் எப்ப எந்த உருவத்துல இருந்துச்சுன்னு தேதி போட்டு பாக்காம ஜோடி சேத்தா இப்படி தான் ஆகும். தேயத்துக்கும் அதே கேள்வி தான், நடுவுல நீங்க போட்ட 'தொய்த்து' எந்த கல்வெட்டுல எந்த ஓலையில இருக்கு? போதாக்குறைக்கு தேயமே 'தேசம்'ங்கற வடசொல் தமிழுக்கு வந்து மாறின உருவம்.

வைகை கேட்டதுக்கு: 'கெர்மானி'ங்கற பேர பிரபலப்படுத்துனது சீசர். காலியா போர் பத்தி எழுதும்போது ரைன் ஆத்துக்கு மேற்கால, இன்னைக்கு பெல்ஜியம் இருக்கற பக்கத்துல எபுரோன், காண்ட்ருசின்னு சில கூட்டத்த சொல்லி, இவங்களுக்கெல்லாம் சேத்து கெர்மானின்னு பேருங்கறாரு. கிபி 98ல ரோமன் வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதறாரு, இது புதுசா ஒட்டின பேரு, ரைன தாண்டி வந்து காலியா ஆளுங்கள தொரத்துன ஒரு சின்ன கூட்டத்தோட பேரு, அப்பறம் மொத்த ஜனத்துக்கும் பரவிடுச்சுன்னு. அர்த்தம் இன்னைக்கு வரைக்கும் முடிவாகல. கெல்டிக்ல 'பக்கத்து ஆளு'ன்னு ஒரு கட்சி, 'கத்துறவன்'னு ஒரு கட்சி. லத்தீன்ல 'ஜெர்மானுஸ்'னா கூடப்பொறந்தவன், ஸ்பானிஷ் 'எர்மானோ' அதுல இருந்து தான் வந்துச்சு, அத வச்சு கிரேக்கர் ஸ்ட்ராபோவும் ஒரு வெளக்கம் குடுத்துருக்காரு, இவங்க காலியாக்காரங்களோட அசல் பங்காளிங்கன்னு. இத இப்ப யாரும் பெருசா எடுத்துக்கறது இல்ல.

பனங்கிழங்கு:
நான் இருவது வருசத்துக்கு மேல ஜேர்மனில தான் இருக்கிறன், அதால ரெண்டு வார்த்தை எழுதலாம் எண்டு வந்தனான். நாங்கள் இஞ்ச பாஷையை 'டொச்' எண்டு தான் சொல்லுவம், "பிள்ளையள் டொச்சில தான் கதைக்குதுகள்" எண்டு எல்லா வீட்டிலயும் கேக்கலாம், நாட்டை மட்டும் ஜேர்மனி. ஆக எங்கட வாயிலயே ரெண்டு பேரும் இருக்கு.

நான் வேலை செய்யிற ரெஸ்டோரண்ட் கிச்சினில ஒரு போலந்துக்காரி, ஒரு துருக்கிக்காரன், ஒரு இத்தாலிக்காரன். முதலாளி டொச்சுக்காரன். அவர் அங்கால போனதும் போலந்துக்காரி 'நியெம்யெட்ஸ்' எண்டுவா, துருக்கிக்காரன் 'அல்மான்' எண்டுவான், இத்தாலிக்காரன் 'டெடெஸ்கோ' எண்டுவான், ஒராளைத் தான் மூண்டு பேரும் திட்டினம் எண்டு எனக்கு விளங்கவே கன நாள் போச்சுது. இப்ப இந்த 'அல்மான்' எண்ட சொல்லை டொச் பெடியளே பகிடியா எடுத்திட்டாங்கள். நேரத்துக்கு வந்து நிண்டு மணிக்கூடு பாக்கிறவன், குப்பையை நாலு பெட்டியில பிரிச்சுப் போட்டு பக்கத்து வீட்டுக்காரன் சரியாப் போட்டவனா எண்டும் எட்டிப் பாக்கிறவன், அவனுக்குப் பேர் அல்மான்.

நான் சொல்ல வந்தது இலக்கணம். மொழிச் சோதினைக்குப் படிக்கேக்க இந்த ஒரு சொல்லால பட்ட பாடு. மற்ற நாட்டுக்காரருக்கெல்லாம் நேரான பெயர்ச்சொல்: இத்தாலியேனர், ஃபிரன்சோஸ, போல. பொம்பிளை எண்டால் பின்னுக்கு 'இன்' போட்டால் சரி, இத்தாலியேனரின், போலின். டொச்சுக்காரனுக்கு மட்டும் அப்பிடி இல்லை, 'ஐன் டொய்ச்சர்' எண்டால் ஒரு ஆள், 'டேர் டொய்ச்ச' எண்டால் அந்த ஆள், பொம்பிளை எண்டால் 'டொய்ச்ச', 'டொய்ச்சின்' எண்டு சொன்னால் சிரிப்பினம். முன்னுக்கு வாற சொல்லைப் பொறுத்து வால் மாறிக்கொண்டே இருக்கும். டீச்சரிட்டக் கேட்டால் "அது அப்பிடித்தான்" எண்டா. ஏன் எண்டு இவ்வளவு நாளும் தெரியாது.

சொல்லேருழவன்:
அய்யோ பனங்கிழங்கு, நான் எழுதின அத்தனைக்கும் ஆதாரம் உங்க சோதனைல தான் இருக்கு. அது பெயர்ச்சொல்லே இல்ல, பெயரடை. நல்லவன், நல்லவள்னு நாம 'நல்ல'வுக்கு வால் மாத்துற மாதிரி அவங்க 'ஜனங்களோட'ங்கற பெயரடைக்கு மாத்துறாங்க. மத்த எல்லா ஜனத்துக்கும் ஆளு பேரு இருக்கு, இவங்களுக்கு மட்டும் பாஷைய வர்ணிச்ச ஒரு அடைமொழி ஆளு மேல ஏறி உக்காந்துருச்சு, ஆயிரம் வருஷம் ஆகியும் அடைமொழி மாதிரியே நடந்துக்குது. சாசனமெல்லாம் இல்லாட்டி கூட இந்த ஒரு இலக்கணத்த வச்சே இது மொதல்ல ஜாதி பேரா இருந்திருக்காதுன்னு சொல்லிடலாம்.

உங்க கிச்சன் லிஸ்ட்ட பிரிச்சுடலாம். இத்தாலியன் 'டெடெஸ்கோ' அதே தியோதிஸ்குஸ் தான், உள்ளூர்காரன் சொல்ற சொல்லயே எடுத்துக்கிட்ட ஆளு. (ஆனா நாட்டுக்கு மட்டும் 'ஜெர்மானியா'ங்குறான். ரஷ்யாவுலயும் இப்படி ரெட்ட வேஷம், நாடு 'கெர்மானியா', ஆளு 'நெமெட்ஸ்'.) துருக்கி 'அல்மான்' வந்த வழி பிரெஞ்சு. ரைனோட மேல்பகுதில, இப்ப அல்சாஸ், சுவாபியா, வட சுவிஸ் இருக்கற பக்கத்துல 3ஆம் நூற்றாண்டுல இருந்து அலமான்னின்னு ஒரு கூட்டணி. பேருக்கு அர்த்தம் 'எல்லா ஆளும்'. பிரெஞ்சுக்காரனுக்கு பக்கத்து வீடு அவங்க தான், அதனால மொத்த ஊருக்கும் அந்த பேர வச்சுட்டான், ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் அதே. ஃபின்லாந்து, எஸ்தோனியாவுக்கு கப்பல்ல வந்தது வட பக்கத்து சாக்சன் வியாபாரி, அதனால 'சாக்சா'. எஸ்தோனியால நெலமெல்லாம் ஜெர்மன் பேசுற பண்ணையார் கைல இருந்துச்சு, அதனால அங்க 'சாக்ஸ்'னா தொரைன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. யாரு கிட்டக்க இருந்தானோ அவன் பேரு ஒட்டுமொத்தத்துக்கும்.

கயல்_மீன்:
போலந்துக்காரி சொன்ன 'நியெம்யெட்ஸ்' விட்டுட்டீங்களே. அது தான் எனக்கு புடிச்சது. ஸ்லாவிக் மொழிகள்ல 'நெம்'னா ஊமை. நம்ம பாஷ பேசத் தெரியாதவன், அதனால ஊமையன். ரைன் பக்கம் நெமெட்டெஸ்னு ஒரு குலம் இருந்துச்சு, அதுல இருந்து வந்துச்சுன்னும் சிலர் சொல்வாங்க, ஆனா ஸ்லாவ் ஜனம் இருந்த எடத்துக்கும் அந்த குலத்துக்கும் ரொம்ப தூரம், ஊமைங்கறது தான் பெரும்பாலானவங்க ஒத்துக்கறது. ரஷ்யால இது ஒரு காலத்துல மேற்கு பக்கத்துல இருந்து வந்த எந்த வெள்ளைக்காரனுக்கும் பேரு, மாஸ்கோல 'நெமெட்ஸ்காயா ஸ்லொபொதா'ன்னு ஒரு பேட்டை இருந்துச்சு, அதுல டச்சுக்காரன், ஸ்காட்லாந்துக்காரன் எல்லாம் குடியிருந்தான். ஹங்கேரிக்கு போய் 'நெமெட்' ஆச்சு. அரபில 'நிம்சா'ன்னா ஜெர்மனி இல்ல, ஆஸ்திரியா!

இதுக்கு நம்ம கிட்ட ஒரு ஜோடி இருக்கு. முல்லைப்பாட்டுல, நப்பூதனார், பாசறை காட்சி: "உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர் உழையராக". அரசனோட கூடாரத்துக்குள்ள காவல் நிக்கற மிலேச்சர், நாக்கால பேச மாட்டான், உடம்பால பேசுவான், சைகையில. அதே பாட்டுல கொஞ்சம் முன்னாடி யவனரும் வர்றாங்க. போலந்துக்காரன் என்ன நெனச்சானோ அதத்தான் நப்பூதனாரும் பாத்திருக்காரு, ஆனா அவரு கண்ணுல பட்டத அப்படியே எழுதிட்டாரு, பேரா ஆக்கல. மிலேச்சங்கற வடசொல்லே தெளிவில்லாம பேசுறவன்ங்கற கருத்துல இருந்து வந்தது தான்.

மெட்ராஸ் மணி:
பாவம்யா ஜெர்மன்காரன், ஊமைன்னு பேரு வாங்கிருக்கான்.

கயல்_மீன்:
அவன் மட்டும் சும்மா இருந்தானா? ஜெர்மானிக் ஜனங்க தெக்க மேற்க இருந்த கெல்டிக், ரோமன் ஆளுங்கள மொத்தமா 'வால்'னு கூப்பிட்டாங்க, அதுவும் வோல்கேன்னு பக்கத்துல இருந்த ஒரு கெல்டிக் குலத்தோட பேர எல்லாருக்கும் ஒட்டினது தான். வேல்ஸ், பெல்ஜியத்து வலோனியா, ருமேனியாவோட வலாக்கியா எல்லாம் இந்த ஒரே சொல். வால்நட் கூட! அந்நியன் ஊர் கொட்டை. போலந்துல இத்தாலிக்கு 'வ்வொஹி'ன்னு பேரு, அதுவும் இது தான். ஜெர்மன்ல இன்னைக்கும் புரியாத பேச்ச 'கௌடர்வெல்ஷ்'னு சொல்லுவான், அந்த 'வெல்ஷ்' இதே ஆளு.

செந்தமிழ்க்கனல்:
வேல்ஸ் எங்க 'வேல்'ல இருந்து வந்தது.

மெட்ராஸ் மணி:
முருகா.

தரங்கம்பாடி_காத்து:
டச்சுக்காரன் பத்தி யாரும் பேசலையே? எங்க டெல்டா பக்கம் டேனிஷ்காரன் ஒரு ஊர்ல, டச்சுக்காரன் நாகப்பட்டினத்துலன்னு படிச்சு வளந்தோம். டச், டொய்ச் ரெண்டும் ஒன்னா வேறயா?

சொல்லேருழவன்:
ஒன்னே தான். நெதர்லாந்து பக்கத்துலயும் அவங்க பாஷைக்கு பழைய பேரு 'டீட்ஸ்', 'டௌட்ஸ்'. இங்கிலீஷ்காரன் ரொம்ப நாள் ரைன் கரைல இருந்து ஆல்ப்ஸ் வரைக்கும் அத்தன பேரையும் 'டச்'னு தான் சொன்னான். 17ஆம் நூற்றாண்டுல நெதர்லாந்து தனி நாடாச்சு, 1648ல வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைல ஸ்பெயினே ஒத்துக்கிச்சு, கடல்ல இங்கிலீஷ்காரன் தெனம் முட்டிக்கிட்டது அவங்களோட தான், அதனால 'டச்' அவங்களுக்கு மட்டும்னு குறுகிப்போச்சு. மத்தவங்களுக்கு புத்தகத்துல இருந்து 'ஜெர்மன்' எடுத்துக்கிட்டான். அமெரிக்கால பென்சில்வேனியா டச்சுன்னு சொல்றவங்க ஹாலந்து ஆளுங்க இல்ல, ஜெர்மன் வம்சம், பழைய அர்த்தம் அங்க மட்டும் தங்கிடுச்சு. நெதர்லாந்துக்காரன் இப்ப தன்ன நேடர்லாண்டர்ங்குறான், 'டௌட்ஸ்'ங்கறது பக்கத்து ஊர்காரனுக்கு. ஆனா அவனோட தேசிய கீதத்துல ஆரஞ்சு வில்லியம் 'நான் டௌட்ஸ் ரத்தம்'னு சொல்ற வரி இன்னும் இருக்கு, ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னாடி நின்னு பாடுறாங்க.

பனங்கிழங்கு:
இப்ப தான் எனக்கு இன்னொண்டு விளங்குது. யாழ்ப்பாணத்தில அவையளை டச்சு எண்டு பள்ளிக்கூடத்தில படிக்கேல்ல, 'ஒல்லாந்தர்' எண்டு தான் படிச்சனாங்கள். 1658ல போர்த்துக்கேயரிட்ட இருந்து கோட்டையைப் பிடிச்ச ஒல்லாந்தர்.

தரங்கம்பாடி_காத்து:
அதே 1658ல தான் நாகப்பட்டினத்தயும் புடிச்சான். அதுக்கு முன்னாடியே பழவேற்காட்டுல 1613ல கெல்ட்ரியா கோட்டை. இங்க டச்சுக்காரன்னு தான் வழக்கம், ஒல்லாந்தர் பழைய புத்தகத்துல பாக்கலாம்.

சொல்லேருழவன்:
ஒல்லாந்து ஹாலந்துல இருந்து, அது அந்த காலத்துல நெதர்லாந்துல ஒரு மாகாணம் மட்டும் தான், 'மரம் அடர்ந்த நெலம்'னு அர்த்தம். இங்கயும் அதே கத, மாகாணத்து பேரு நாட்டுக்கு. ஆனா பாருங்க, தமிழ்ல 'டச்சு' இங்கிலீஷ் வழியா வந்துச்சு, 'டொச்' பனங்கிழங்கு மாதிரி ஆளுங்க நேரா அந்த ஊர்ல இருந்து கொண்டு வந்தது, ரெண்டும் ஒரே சொல். ஜப்பான்காரன் ஜெர்மனிக்கு சொல்ற 'டொய்ட்சு' கூட நாகசாகில இருந்த டச்சுக்காரன் வாயில இருந்து போனது.

வைகைக்கரையான்:
அப்ப நம்ம புத்தகத்துல 'ஜெர்மானிய மொழிகள்'னு போட்டு இங்கிலீஷயும் அதுல சேக்கறாங்களே, ஸ்கூல்ல படிக்கும்போது இங்கிலீஷ் ஜெர்மன்ல இருந்து வந்துச்சுன்னு நெனச்சேன்.

கயல்_மீன்:
அந்த கொழப்பம் இங்கிலீஷ் வழியா நமக்கு வந்தது. ஜெர்மன்ல ரெண்டு தனி சொல், 'கெர்மானன்'னா டாசிடஸ் காலத்து ஆளுங்க, 'டொய்ச்ச'ன்னா இப்ப இருக்கறவங்க. தமிழ்ல ஜெர்மானியர்னு ரெண்டுக்கும் ஒரே சொல்ல போடுறோம். நான் எழுதும்போது பழசுக்கு 'ஜெர்மானிக்', புதுசுக்கு 'ஜெர்மன்காரர்'னு பிரிச்சுக்கறேன்.

நடத்துனர்:
குமரிக்கண்டம் பத்தின பதிவுகள தனி இழைக்கு மாத்திருக்கேன். கனல், அங்க தொடருங்க. வேற கேள்வி இருந்தா கேளுங்க, இல்லன்னா ரெண்டு நாள்ல இழைய மூடிடறேன்.

வைகைக்கரையான்:
கடைசியா ஒன்னு. சுவிட்சர்லாந்துலயும் ஜெர்மன் பேசுறாங்களே, அவங்க தங்கள டொய்ச்னு சொல்லிக்குவாங்களா?

பனங்கிழங்கு:
என்ர மச்சான் சூரிச்சில இருக்கிறார். அங்க பாஷைக்குப் பேர் 'ஷ்விட்சர்டூட்ச்', பாஷையில டொச் இருக்கு. ஆனா ஒரு சுவிஸ்காரனைப் பாத்து நீ டொய்ச்சரோ எண்டு கேட்டால் முகம் மாறும். அவைக்கு 'டூட்ச' எண்டால் எல்லைக்கு வடக்கால இருந்து வேலைக்கு வாறவன்.

சொல்லேருழவன்:
இத்தனைக்கும் சுவிஸ்ல பேசுறது அலமான்னிக் வழக்கு. பிரெஞ்சுக்காரன் வச்ச பேரு சரியா பொருந்துற ஆளுங்க அவங்க தான், ஆனா பிரெஞ்சுக்காரன் அவங்கள அல்மான்னு கூப்பிடுறது இல்ல.